பார்த்தவர் கையெழுத்து

"இக்கருவிகளை அமெரிக்க அரசின் எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் வேறு எந்த நாட்டுக்கும், வேறு எந்த நபருக்கும் விற்கவோ, அன்பளிப்பாகத் தரவோ, இரவல் கொடுக்கவோ மாட்டோம்." வாங்குகிறவர் எழுதித் தரும் உறுதிமொழியில் ஏழாவது பத்தி இது. அந்த உறுதிமொழி மீறப்பட்டது தெரியவந்தால் விற்றவர் தாமதமின்றி அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்பது எட்டாவது பத்தி.

டெக்சாஸில், ரிச்சர்ட்சனில், ரேடியோ கருவிகள் செய்யும் நிறுவனம் ஒன்றின் ஏற்றுமதி அனுமதிப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த இரண்டு பத்திகளையும் காற்புள்ளி தவறாமல் ஒப்பிப்பேன். எட்டாவது பத்தியில் 'தெரியவந்தால்' என்று ஒரு சொல் இருக்கிறதே, எங்கள் பிரிவின் திறமை முழுவதும் அதற்குள்தான் குடியிருந்தது. ஒரு விஷயம் தெரியவராமல் பார்த்துக்கொள்ள முறையான வழிகள் உண்டு. அவற்றில் பாதியை வகுத்துக் கொடுத்தவனே நான்தான்.

அப்படிப்பட்ட பிரிவுக்குத்தான் அவர் வந்து சேர்ந்தார். கீழக்கரைப் பெண். நாற்பது வயதிருக்கும். தலையில் எப்போதும் ஒரே சாம்பல் நிற முக்காடு, கையில் ஒரே பச்சைப் பேனா. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால், எழுதியதை முதலில் காட்டச் சொல்வார்.

சேர்ந்த முதல் வாரம், தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். தீயணைப்பு சிலிண்டர் தொங்க வேண்டிய கொக்கி அது. கொக்கியில் சிலிண்டர் இல்லை. மாதாமாதம் சரிபார்த்துக் கையெழுத்திடும் அட்டை மட்டும் நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

"சார், இந்த மாசமும் செக் பண்ணதா இனிஷியல் போட்டிருக்காங்க. சிலிண்டரே இல்லையே."

"ரீஃபில்லுக்குப் போயிருக்கும்மா."

"போனத நீங்க பாத்தீங்களா சார், இல்ல யாராவது சொன்னாங்களா?"

"ரெண்டும் இல்ல. நானா சொல்றேன்."

"அப்ப இதுல கையெழுத்து போட்டவர் எதப் பாத்து போட்டார்?"

"கொக்கியப் பாத்திருப்பார்."

அவர் சிரிக்கவில்லை. அட்டையைப் படமெடுத்தார். மூன்றாம் நாள் புது சிலிண்டர் வந்தது. அடுத்த மாதம் கட்டடப் பராமரிப்பாளர் கையெழுத்திட வந்தபோது அவர் பின்னாலேயே போய், சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறாரா என்று கவனித்துவிட்டு வந்தார். அதன் பிறகு அந்த மனிதர் எங்கள் தளத்துக்கு வருவதென்றால் முதலில் எட்டிப் பார்த்து, அவர் இருக்கையில் இல்லாத நேரமாக வரத் தொடங்கினார்.

'பாத்தீங்களா, சொன்னாங்களா?' இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவர் அமெரிக்காவில் காலம் தள்ளினார். அதில் குதர்க்கம் கிடையாது, குற்றம் சாட்டுகிற தொனியும் கிடையாது. கடைக்காரரிடம் புளி பழையதா புதிதா என்று விசாரிப்பது போலக் கேட்பார். பதில் 'சொன்னாங்க' என்றால் கோபிக்க மாட்டார். 'சொன்னாங்க' என்று குறித்துக்கொள்வார். 'பார்த்தேன்' என்று எழுத வேண்டிய கட்டத்தில் அதை எழுதத்தான் அவருக்குக் கை வராது.

சொந்த வீட்டிலும் இதே சட்டம்தான். மகள் சின்ன வகுப்பில் படித்தபோது, பிள்ளை தினமும் இருபது நிமிடம் புத்தகம் படித்ததாகப் பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும் என்று பள்ளியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் அந்தத் தாள் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு நாளுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் கையெழுத்திடுவதற்கென்றே அச்சடிக்கப்பட்டது அது. இவர் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேரே கையெழுத்திடாமல், 'கதவு மூடியிருந்தது' என்று எழுதி அனுப்பிவிட்டார். ஆசிரியை பதறிப்போய், வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று தொலைபேசியில் விசாரித்தாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பெயர்களைச் சொல்ல மாட்டேன். பணியில் சேர்ந்தபோது நான் கையெழுத்திட்ட ரகசிய உறுதிமொழி என்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறது.

ஒரு நாடு எங்களிடம் அறுநூற்று நாற்பது கையடக்க ரேடியோக்கள் வாங்கியது. சாதாரண ரேடியோ அல்ல. பேசுகிறவர் நிற்கும் இடத்தைத் தூரத்தில் இருப்பவருக்குத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். எல்லைக் காவலர்கள் மணலில் வழி தவறாமல் இருப்பதற்கு என்று உறுதிமொழியில் எழுதியிருந்தார்கள். பக்கத்து நாட்டில் அப்போது உள்நாட்டுப் போர். பெயர்தான் உள்நாட்டுப் போர். செத்தவர்கள் மட்டுமே உள்நாடு, மற்றதெல்லாம் இறக்குமதி. பணம் ஒரு நாட்டிலிருந்து வந்தது, விமானம் இன்னொரு நாட்டிலிருந்து வந்தது. ஆலோசனை சொல்ல ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். எங்கள் வாடிக்கையாளர் நாடும் அங்கே ஒரு கட்சிக்குப் பின்னால் நின்றது. நாங்கள் செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு, மடித்து வைத்துவிட்டு, வேலை பார்த்தோம்.

ஆண்டுக்கு ஒரு முறை வாடிக்கையாளருக்கு நான் ஒரு கடிதம் அனுப்புவேன்: 'கருவிகள் உங்களிடமே உள்ளனவா?' பத்து நாளில் பதில் வரும்: 'உள்ளன.' கூடவே அறுநூற்று நாற்பது வரிசை எண்களும் முத்திரையும் இருக்கும். நான் அதன் தலைப்பில் 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி என் இனிஷியலைப் போட்டுக் கோப்பில் வைப்பேன். மூன்று ஆண்டுகள் அப்படியே நடந்தது. நடைமுறையில் ஒரு குறையும் கிடையாது.

நான்காம் ஆண்டு கடிதம் அவர் மேசைக்குப் போனது. மதியம் என் அறைக்கு வந்தார்.

"சார், மூணு வருஷமா ஒண்ணுகூட ரிப்பேருக்கு வரல."

"நல்ல கருவிம்மா. நம்ம கம்பெனி பண்ணது."

"ஒண்ணுகூடத் தொலையல. ஒருத்தர்கூட கீழ போடல. எக்ஸ்ட்ரா பேட்டரி ஒண்ணு கேக்கல. எங்க வீட்ல டிவி ரிமோட்டே மூணு வருஷத்துல ரெண்டு போச்சு. இவங்க பாலைவனத்துல வச்சிருக்காங்க."

"பெட்டியிலயே வச்சிருப்பாங்க."

"அப்ப எல்லைக் காவலுக்கு யூஸ் பண்ணல. யூஸ் பண்றாங்கன்னா இங்க இல்ல. ரெண்டுல எது சார்?"

நான் அதற்கு ஒரு நடைமுறை சொன்னேன். வாடிக்கையாளர் பதில் திருப்தி இல்லையென்றால் விளக்கம் கேட்டு இன்னொரு கடிதம் அனுப்பலாம். அதற்கான படிவம் இருக்கிறது. சந்தேகத்தை அடக்கம் செய்வதற்காக நான் வகுத்த முறைகளிலேயே கௌரவமானது அதுதான். அவர் படிவத்தை வாங்கிப் படித்துவிட்டு, "இதுலயும் சொல்லத்தான் போறாங்க" என்று என் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வாரண்டி வந்தது.

எங்கள் இணையதளத்தில் கருவியைப் பதிவு செய்கிறவர்களுக்கு ஓராண்டு கூடுதல் உத்தரவாதம் தருவோம். விற்பனைப் பிரிவின் யோசனை. யாரும் பதிவு செய்வதில்லை. ஆனால் எங்கோ ஒரு போர்முனையில் என்னைப் போலவே ஒரு மனிதன் இருந்திருக்கிறான். ஆயுதக் கிடங்குக் கணக்கனோ, பண்டகசாலைக்காரனோ தெரியாது. கருவியோடு வந்த சிறு புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறான், அதில் சொன்னபடி பதிவும் செய்திருக்கிறான். பதினொரு கருவிகள். நகரத்தின் பெயர் கேட்ட கட்டத்தில் நகரத்தின் பெயர். குறிப்பு கேட்ட கட்டத்தில், 'பொத்தான்களுக்குள் மணல் புகுகிறது. தயவுசெய்து ஆலோசனை கூறவும்.' அவன் எழுதிய நகரம் எல்லைக்கு அப்பால் எழுநூறு மைல் தள்ளி, அந்த வாரம் முற்றுகையில் இருந்தது. பதினொரு வரிசை எண்களும் எங்கள் அறுநூற்று நாற்பதுக்குள் இருந்தன.

போர் ரகசியங்கள் ஒற்றர்களால் வெளியாகின்றன என்று கதைகளில் எழுதுவார்கள். படிவத்தில் ஒரு கட்டத்தையும் விட்டுவைக்காமல் நிரப்புகிற ஒருவன் போதும்.

"டைப்பிங் மிஸ்டேக்கா இருக்கும்மா," என்றேன். எனக்கே அது கேவலமாகக் கேட்டது.

"இருக்கலாம் சார். சொன்னதுதானே. பாத்துடலாம்."

வாரண்டியை உறுதி செய்ய, கருவியின் பின்பக்க லேபிளைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும் வழக்கமான கடிதம் ஒன்று உண்டு. அதைத்தான் அனுப்பினார், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாலு நாளில் படம் வந்தது. மர பெஞ்சு ஒன்றின் மேல் ரேடியோ குப்புறக் கிடந்தது. லேபிளும் எண்ணும் தெளிவாக இருந்தன. படத்தின் மேல் ஓரத்தில் சுவரும், சுவரில் பாதி உரிந்த பெயர்ப்பலகையும்.

அவர் திரையைப் பெரிதாக்கினார். சிறு வயதில் குர்ஆன் ஓதப் பழகியதால் அரபு எழுத்து அவருக்குத் தெரியும். மொழி தெரியாது. கீழக்கரையில் எல்லோருக்கும் அப்படித்தான் என்பார். பச்சைப் பேனாவின் நுனியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வாய்க்குள் கூட்டிப் படித்தார். பிறகு நின்றார்.

"ஓதத்தான் தெரியும் சார், அர்த்தம் தெரியாது. ஆனா இந்த வார்த்தை தெரியும். மதரஸா. பள்ளிக்கூடம்." பேனாவை நகர்த்தினார். "இது அந்த ஊர் பேரு. அவர் எழுதின அதே ஊர்."

அந்த பெஞ்சு எதற்கான பெஞ்சு என்று அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. யாரோ காம்பஸ் முனையால் அதில் எதையோ கிறுக்கியிருந்தார்கள். உலகத்தில் எந்த ஊர்ப் பிள்ளையும் பெஞ்சை விட்டுவைப்பதில்லை.

அவர் கோப்பை எடுத்து, மூன்று ஆண்டுக் கடிதங்களையும் வரிசையாக என் முன்னால் வைத்தார். மூன்றின் தலைப்பிலும் என் எழுத்து.

"'சரிபார்க்கப்பட்டது'ன்னு உங்க கையெழுத்து இருக்கு சார். நீங்க பாத்தீங்களா?"

"அது வழக்கம்மா."

"தெரியும். இத கவர்மென்டுக்கு எழுதறப்ப இதையும் எழுத வேண்டி வரும். உங்க பேரு வரும்."

"எழுதுங்க," என்றேன். அதை வீரம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நிறுவனத்தின் சார்பில் அரசுக்கு எழுதும் அதிகாரம் சட்டப்படி என்னிடம்தான் இருந்தது. நானே கையெழுத்திட்டு அன்றே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. ஓய்வுக்குப் பதினொரு மாதம் இருந்தது. இதற்கு மேல் விளக்கம் கிடையாது. கோப்பை இயக்குநரிடம் எடுத்துப் போனேன்.

இயக்குநர் நம்ம ஊர்க்காரர். சென்னைக்காரர், நல்ல மனிதர், பொங்கல் விழாவுக்கு அரங்கம் பிடித்துக் கொடுப்பவர். கோப்பைப் புரட்டிவிட்டு, உள் பரிசீலனைக் குழுவுக்கு அனுப்பலாம் என்றார். அந்தக் குழு எனக்குத் தெரியும். அதன் விதிகளை எழுதியவன் நான். அதற்குக் கூட்டம் நடத்தும் விதி உண்டு. கூடும் தேதி கிடையாது. பிறகு அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"'உன் கிரீன் கார்டு ஃபைல் நல்லா மூவ் ஆயிட்டு இருக்குமா, நல்லா போகட்டும்'னார்."

"மிரட்டறார்."

"அவர் சொன்னது அவ்வளவுதான் சார். மிரட்டினார்னு நான் எழுத முடியாது."

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். அவர் வேலை விசாவில் இருந்தார். நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, நிறுவனம்தான் விண்ணப்பித்திருந்தது, வரிசையில் ஒன்பதாம் ஆண்டு. கணவர் இங்கே வேலை பார்ப்பதும் அந்த விசாவை ஒட்டித்தான். மகள் மூன்று வயதில் அமெரிக்கா வந்து அப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தாள். வேலை போனால் அறுபது நாள். அதற்குள் வேறொரு நிறுவனம் ஏற்றுக்கொள்ளாவிட்டால் மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டும்.

ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் குடியிருப்புக்குப் போனேன். கணவரிடம் பேசி அவரைத் தடுக்கலாம் என்பது என் திட்டம். வெளியே நூற்றைந்து டிகிரி வெயில். உள்ளே, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த வட்டலப்பமும் தேநீரும் வந்தன. நான் சுற்றி வளைத்து, அறுபது நாள் விதி, கிரீன் கார்டு வரிசை, மகளின் கல்லூரி எல்லாவற்றையும் உட்பிரிவுகளோடு விளக்கினேன். கணவர் பொறுமையாகக் கேட்டார். பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

"சார், எங்க நிக்காஹ் கதை உங்களுக்குத் தெரியுமா?"

"மச்சான், அத எதுக்கு இப்ப," என்று சமையலறையிலிருந்து அவர் குரல் வந்தது.

"சாருக்கு யூஸ் ஆகும்." கணவர் என் பக்கம் திரும்பினார். "எங்கள்ல பொண்ணு சம்மதத்த ரெண்டு சாட்சி உள்ள போய்க் காதால கேக்கணும். கேட்டுட்டு வந்துதான் ரிஜிஸ்டர்ல கையெழுத்து. இவ பெரிய மாமாதான் ஒரு சாட்சி. அவர் உள்ளயே போகல சார். பிரியாணி தம் போட்ட இடத்துல நின்னுட்டு இருந்தார். அங்கயே ரிஜிஸ்டர வாங்கிக் கையெழுத்து போட்டுட்டார். பொண்ணு என்ன, வேணாம்னா சொல்லப் போகுது? எல்லாரும் ரெடி. உள்ளருந்து ஆள் வருது. 'பொண்ணு ஒத்துக்க மாட்டேங்குது.' எங்க உம்மா மயக்கமே போட்டுட்டாங்க."

"நான் ஒத்துக்க மாட்டேன்னு சொல்லல. மாமா வந்து கேக்கட்டும்னேன்."

"நானூறு பேர் பசியோட உக்காந்திருக்காங்க. மாமா கைல கரண்டியோட ஓடி வரார். இவ என்ன சொன்னா தெரியுமா சார்? 'மாமா, என் பதில நீங்க கேட்டீங்களா, இல்ல யாராச்சும் சொன்னாங்களா?'" அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மாமா திரும்ப முதல்லருந்து கேட்டார். இவ சம்மதம்னா. பழைய கையெழுத்த அடிச்சிட்டுப் புதுசா போட வச்சா. அந்த ரிஜிஸ்டர்ல எங்க பக்கத்துல மட்டும் ஒரு அடித்தல் இருக்கும், ஜமாத்துல போய்ப் பாக்கலாம். சொன்னதோட நம்பாதீங்க."

அறைக் கதவு திறந்து மகள் வந்தாள். அம்மாவின் அதே மூக்கு. வட்டலப்பத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டே, "உம்மா, டிட் யூ சீ மீ ஈட் திஸ், ஆர் டிட் சம்படி டெல் யூ?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், ஷீஸ் கோயிங் டு சென்ட் இட். ஐ ஆல்ரெடி டோல்ட் மை ஃப்ரெண்ட்ஸ் ஐ மே பி லீவிங்," என்றாள்.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். பச்சைப் பேனாவுக்குப் பதில் கையில் கரண்டி. "உனக்குப் பரவாயில்லையா?" என்று மகளிடம் தமிழில் கேட்டார்.

"நாட் ரியலி," என்றாள் அவள். "பட் தட்ஸ் சம்படிஸ் ஸ்கூல், உம்மா."

அதோடு அந்த வீட்டில் நான் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. எழுந்தேன்.

"சார், ஒரு ஹெல்ப்," என்று வாசல் வரை வந்தார். "ரிப்ளை வர்றதுக்கு ஒரு அட்ரஸ் கொடுக்கணும். நாங்க எங்க இருப்போம்னு தெரியாது. உங்க வீட்டு அட்ரஸ் போட்டுக்கலாமா?"

"என் பேர்ல புகார் எழுதிட்டு, பதில் என் வீட்டுக்கே வரணுமா?"

"உங்க அட்ரஸ்தான் சார் மாறாது."

அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்று இன்றும் நம்ப முயல்கிறேன். கொடுத்தேன். இந்த விவகாரத்தில் என் பங்களிப்பு அந்த முகவரிதான்.

மறுநாள் நான்கு பக்கக் கடிதத்தைத் தன் பெயரிலேயே அனுப்பினார். அனுப்புவதற்கு முன் பிரதியை எனக்கும் இயக்குநருக்கும் கொடுத்தார். மறைக்க வேண்டியது ஒன்றுமில்லையாம். நான் படித்த அரசுக் கடிதங்களிலேயே அதற்கு நிகர் கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் அடைப்புக்குள் 'பார்த்தேன்' அல்லது 'சொன்னார்கள்'. கருவியின் எண்: பார்த்தேன். நகரம் முற்றுகையில் இருப்பது: சொன்னார்கள். பெயர்ப்பலகையில் பள்ளிக்கூடம் என்று இருப்பது: பார்த்தேன். அதை வைத்து யார் யாரைச் சுட்டார்கள்: பார்க்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. மூன்றாம் பக்கத்தில் என் பெயர். மூன்று ஆண்டுகளும் நான் கருவிகளைப் பார்க்காமல் கையெழுத்திட்டது: 'அவரே சொன்னார்.' என் பெயரின் எழுத்துகள் சரியாக இருந்தன. அமெரிக்காவில் அது அபூர்வம்.

ஐந்து வாரத்தில் அவர் பதவி 'மறுசீரமைப்பு' காரணமாக நீக்கப்பட்டது. எங்கள் பிரிவில் மறுசீரமைக்கப்பட்டது அவர் ஒருவர்தான். இப்படிப் பழிவாங்கினால் புகார் செய்ய வழி இருக்கிறது. அதன் காலக்கெடு, படிவம், இணைக்க வேண்டியவை எல்லாம் எனக்கு மனப்பாடம். தாளோடு ஓடினேன். அவர் அட்டைப்பெட்டியில் பொருள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"கடிதம் எழுதினதுக்குத்தான் எடுத்தாங்கன்னு நீங்க பாத்தீங்களா சார்?"

"அம்மா, இதுக்கெல்லாமா?"

"யாராச்சும் அப்படிச் சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்ப நான் எப்படி எழுதறது?"

எனக்குக் கோபம் வந்தது. தன் விஷயத்திலாவது கொஞ்சம் வளைந்து கொடுக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். அவர் பேனாவைக் கைப்பைக்குள் வைத்தபடி, "எனக்கு மட்டும் வேற சட்டமா சார்?" என்றார். குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அது நான் பார்த்தது.

அறுபது நாளில் இருபத்திரண்டு நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தார். முந்தைய வேலையை விட்ட காரணம் கேட்ட இடத்தில் எல்லாம் நடந்ததை நடந்தபடி சொன்னார். ஐம்பத்தெட்டாம் நாள் மூவரையும் டாலஸ் விமான நிலையத்துக்கு நான்தான் காரில் அழைத்துப் போனேன். வழியில் என் காரின் பதிவு ஸ்டிக்கர் காலாவதியாகியிருப்பதைச் சுட்டிக்காட்டினார். மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தாள். இறங்கியதும் அம்மாவின் பெட்டியையும் சேர்த்து அவளே தள்ளிக்கொண்டு போனாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய மாதம் வாஷிங்டனிலிருந்து இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அவருடைய கடிதத்தை மேசையில் வைத்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, "கருவிகளை நீங்கள் பார்த்தீர்களா?" என்றார்கள். "இல்லை," என்றேன். பணிக்காலத்தில் நான் அரசுக்குக் கொடுத்த மிகத் துல்லியமான பதில் அதுதான். எழுதிக்கொண்டு போனார்கள். எனக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. பிரிவுபசார விழாவில் கொடுத்த கண்ணாடிக் கேடயத்தைப் பரணில் போட்டுவிட்டேன், கண்டனக் கடிதத்தைத்தான் பத்திரமாக வைத்திருக்கிறேன். அதில் எழுதியிருப்பது உண்மை.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. அந்தப் போர் இன்னும் முழுதாக ஓயவில்லை. சென்னையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் அவர் தரச் சான்று பார்க்கிறார். தொட்டிகளுக்குள் எட்டிப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டார் என்று அங்கேயும் பேர் வாங்கிவிட்டாராம். இது கணவர் சொன்னது. மகள் அங்கேயே சட்டம் படிக்கிறாள். தமிழில் திட்டவும் பழகிவிட்டாளாம், அதுவும் சொன்னதுதான். எப்போதாவது பேசுவோம். "வந்துச்சா சார்?" என்பார். "இல்லம்மா," என்பேன். அரசு அலுவலகங்கள் பதில் எழுத எடுத்துக்கொள்ளும் காலம் பற்றி விளக்குவேன். பாவம், கேட்டுக்கொள்வார்.

ரிச்சர்ட்சனில் தமிழர்கள் கூடும் இடங்களில் யார் பிள்ளை எந்தக் கல்லூரி, யார் எந்த நிறுவனத்தில் எவ்வளவு உயரம் என்று பெருமை பேசுவார்கள். என் முறை வரும்போது, இங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஒரு பெண் என் பிரிவில் வேலை பார்த்தார் என்று சொல்வேன். சிலர் அனுதாபப்படுவார்கள். நான் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை என்பது அவர்களுக்குப் புரிவதில்லை.

அவர் கடிதம் அனுப்பி மூன்று ஆண்டு இரண்டு மாதம் கழித்து, ஒரு மதியம், தபால் பெட்டியில் நீளமான உறை கிடந்தது. அவர் பெயர், என் முகவரி. சென்னையில் அப்போது நள்ளிரவை நெருங்கும் நேரம், எழுப்பக் கூடாது. மேசையில் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

"ஆவியில காட்டிப் பிரிச்சுப் பாத்துட்டு ஒட்டிடுங்களேன்," என்றாள் என் மனைவி.

"கண்டுபிடிச்சிடுவா."

சாயங்காலம் எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடிந்திருந்தது. அதே சாம்பல் முக்காடு. உறையைத் தூக்கிக் காட்டினேன். கணவரும் மகளும் இரண்டு பக்கமும் வந்து நின்றார்கள்.

"பிரிக்கட்டுமா?"

"பிரிங்க சார். படிச்சுச் சொல்லாதீங்க, காமிங்க."

கேமராவுக்கு முன்னால் தாளைப் பிடித்தேன். "கொஞ்சம் கீழ சார்," என்றார். மெதுவாக இறக்கினேன். அவர் உதடுகள் அசைவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று படத்தில் இருந்த பெயர்ப்பலகையைக் கூட்டிப் படித்த அதே மாதிரி. ஓர் இடத்தில் உதடுகள் நின்றன. மகள்தான் முதலில் அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

பிறகு தாளைத் திருப்பி நானும் படித்தேன். அந்த வாடிக்கையாளருக்கான அனுமதிகள் ரத்து செய்யப்பட்டுவிட்டன. கடைசிப் பத்தி மூன்று வரிதான்: 'இனி இத்தகைய கருவிகளுக்கு, வாங்கியவர் எழுதித் தரும் ஆண்டு உறுதிமொழி மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படாது. கருவிகள் இருக்கும் இடத்துக்கு ஓர் அலுவலர் நேரில் சென்று, ஒவ்வொன்றையும் கண்டு, அவரே கையெழுத்திட வேண்டும்.'

ஏழாம் பத்தியும் எட்டாம் பத்தியும் எழுதப்பட்ட காலத்திலிருந்து யாருக்கும் தோன்றாதது.

"ரூலாவே போட்டுட்டாங்க," என்றார் கணவர்.

முக்காட்டு நுனியால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கயாச்சும் தேதி போட்டுக்குங்க சார். வந்த தேதி," என்றார்.

"லெட்டர்லயே தேதி இருக்கேம்மா."

"அது அவங்க எழுதினது. இங்க சனிக்கிழமை ஆயிடுச்சு. உங்க கைக்கு என்னைக்கு வந்துச்சோ, நீங்க பாத்த தேதியப் போடுங்க."

பேனாவைத் தேடினேன். வீட்டில் இருந்தது பச்சை ஒன்றுதான். உறையின் மூலையில், அலுவலக வழக்கப்படி, எழுதி இனிஷியல் போட்டேன்: கைக்கு வந்தது, அக்டோபர் பதினேழு, வெள்ளிக்கிழமை.